அறிவித்தலில் அவள் பேர்

எங்கள் கட்டிடம் கனடாவில், சென்ட் லோரன்டில். என் கதவுக்கு எதிர்க்கதவு அவளுடையது. காங்கோவில் இருந்து வந்தவள். அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. முடியும்வரை வெளிநாடு போனால் திரும்பி வர ஏலாது. இருவரும் ஒரே தொழிற்சாலையில் பெட்டி அடுக்கினவர்கள். என் பிரெஞ்சும் அங்கே காதால் பிடித்ததுதான். எழுத்து எனக்குக் குறைவு. ஆனால் எதையும் வாசித்துத் தரச் சொல்லி ஒருவரிடமும் போய் நின்றதில்லை. அவளும் நானும் கதைத்தது உடைந்த பிரெஞ்சில். என் நினைவில் இருப்பது தமிழாகத்தான்.

அவளுடைய குசினி யன்னலில் எப்போதும் போன் சாய்த்து வைத்திருக்கும். அதில் நெட்டில் வரும் அவளுடைய ஊர் ரேடியோ. இங்கே பனி கொட்டுவது தெரியாமல் மெல்லிய சட்டையோடு படியிறங்குவாள். அங்கே எந்தத் தெருவில் ஆமி நிற்கிறது, மரவள்ளி என்ன விலை என்பதெல்லாம் தெரியும். செய்தி முடிந்ததும் செத்தவர்களின் பேர் வாசிப்பார்கள். அப்போது மட்டும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவாள்.

நானும் காலையில் தேத்தண்ணியோடு ஊர் மரண அறிவித்தல்களைப் போனில் பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. அவளுக்கு அது பகிடி.

"மமோன், இண்டைக்கு உங்கட பக்கம் எத்தினை பேர்?" என்று கதவடியில் நின்று கேட்பாள். வயதில் மூத்தவளை அவர்கள் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள், அதுதான் மமோன்.

"எங்கட ஆக்களுக்குப் படமும் போடுவினம். உங்கட ஆக்களுக்கு வெறும் சத்தம்தானே," என்பேன்.

போன மாசியில் ஒரு நாள், மத்தியானத்துக்கு முன், அடுத்த நகரமான லவாலில் இருக்கும் அவளுடைய ஒன்றுவிட்ட தமையன் என்னை அழைத்தார். அவளுடைய தாய் ஊரில் இறந்துவிட்டார். சாவுச் செய்தியைப் போனில் சொல்வது அவர்களிடத்தில் வழக்கமில்லை. பெரியவர்கள் வீட்டுக்கு வந்து, பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

"ரண்டு பெரியாக்களைக் கூட்டிக்கொண்டு வாறன், மமோன். றோட்டெல்லாம் பனி. மத்தியானம் ரேடியோவில வாசிச்சுப்போடுவினம். அவள் தனிய இருந்து கேக்கக்கூடாது."

என் தமையன் செத்ததை நான் தனிய இருந்துதான் அறிந்தேன். போனில் அறிவித்தலின் எழுத்தைக் கூட்டி வாசிக்க முன்னமே படம் தெரிந்துவிட்டது. ஆகவே நான் யோசித்து நிற்கவில்லை. எதிர்க்கதவைத் தட்டினேன்.

"என்ர போன் பழுதாப் போச்சு. உன்ரயைத் தா பிள்ளை, தங்கச்சியோட கதைக்கோணும்."

யன்னலில் இருந்து எடுத்து அப்படியே தந்தாள். ரேடியோவை நிறுத்தித் தரவுமில்லை, எவ்வளவு நேரம் என்று கேட்கவுமில்லை.

என் அறைக்குக் கொண்டுபோனேன். எதை அமத்தினால் நிற்கும் என்று தெரியவில்லை. பாட்டு முடிந்து ஒரு பெண்குரல் வாசிக்கத் தொடங்கியது. பாஷை விளங்காது. ஆனால் அறிவித்தல் எங்கும் ஒரே மாதிரித்தான்: பிள்ளைகளின் பேர்கள், அவரவர் இருக்கும் இடம். நடுவில் அவளுடைய பேர் வந்தது. பிறகு 'கனடா'. போனைத் துவாயில் சுற்றி அலுமாரிக்குள் வைத்தேன்.

பிறகு சோறும் பருப்பும் கொண்டுபோய் அவள் முன்னால் இருந்தேன். அவளுடைய போன் சார்ஜில் கிடக்கிறது என்றேன். தலையாட்டிவிட்டு முழுவதையும் சாப்பிட்டாள்.

அவர்கள் வந்தார்கள். சப்பாத்தைக் கழற்றி, தண்ணீர் குடித்து, வரிசையாக இருந்தார்கள். மூத்தவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அவள் குழறிய சத்தத்தில் மேல்மாடிக் கதவுகள் திறந்தன. நான் அவளைத் தாங்கிப் பிடித்தபடி, நல்லகாலம் ரேடியோவை முந்திக்கொண்டோம் என்று நினைத்தேன்.

பின்னேரம், வந்தவர்கள் முன்னறையில் இருக்க, குசினியில் கோப்பை கழுவும்போது மெல்லச் சொன்னாள். "காலமையே கேட்டனான், மமோன். காலமையும் ஒருக்கா வாசிச்சவை."

"பேந்து ஏன் பேசாமல் இருந்தனி? சோத்தையும் முழுக்கத் திண்டியே."

"நீங்கள் அதுக்குத்தானே கொண்டு வந்தனீங்கள்." தண்ணீரை நிறுத்தினாள். "ஆக்கள் வருவினம் எண்டு தெரியும். நான் முதலே அழுது முடிச்சால், பனிக்குள்ள வந்தவை என்னத்தைச் சொல்லுறது? என்ர அம்மாவுக்கு இஞ்ச நடக்கப்போறது அது ஒண்டுதான்."

மறுநாள், ஊரில் அடக்கத்துக்கு முன், ரேடியோவில் இன்னொருமுறை வாசித்தார்கள். என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தினாள். போனை மேசை நடுவில் வைத்தாள். தன் பேர் வந்தபோது எழுந்து நின்றாள். அடுத்த செத்தவரின் பேரைத் தொடங்கிய பிறகும் அவள் உட்காரவில்லை.