சாயத்தண்ணி கணக்கில் சேராது

பசியோடு நின்று ரோல்ஸ் பொரித்துப் பார்த்தவர்கள் இந்தக் கண்டியில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் பொரிக்கிறேன். தவக்காலம் முழுக்க, கூட்ஸ் ஷெட் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சிற்றுண்டிக் கடையில் எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று ரோல்ஸ், கட்லட், உளுந்து வடை என்று பொரித்துத் தள்ளுவேன். உப்புப் பார்ப்பது என் கணவருடைய வேலை. பகல் சாப்பாடு வரைக்கும் என் வாயில் ஒரு துண்டும் போகாது, அதற்குப் பிறகு மறுநாள் பகல் வரைக்கும் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் பட்டினிக்கு விடுமுறை.

எங்கள் கத்தோலிக்கப் பேச்சில் இதற்கு ஒருசந்தி என்று பெயர். நாளைக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. பக்கத்துத் துணிக்கடை ராத்தா அலவத்துகொடவிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். அவருக்கு அது நோன்பு. சில வருஷங்களாக ரமழானும் தவக்காலமும் ஒன்றையொன்று உரசிக்கொண்டு வருவதால் அடுத்தடுத்த இரண்டு கடைகளில் இரண்டு பட்டினிக்காரிகள். ராத்தா பகலில் தண்ணீரும் தொடுவதில்லை.

"ஒங்கட நோம்பு லேசு, தங்கச்சி. பகல்ல சோறு ஈக்கி" என்று சீண்டுவார்.

"ஒங்களுக்கு விடியமுந்தியே சோறு இருக்கே, ராத்தா" என்று நானும் விடமாட்டேன்.

நான் சாதுவான பெண் இல்லை. பஸ் கண்டக்டர்கள் முதல் மா மூட்டை இறக்குகிற லொறிக்காரர் வரை என் வாய்க்குப் பயந்தவர்கள். பட்டினி கிடந்தால் உடனே சாந்தம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். முதல் வாரம் கோபம் இரண்டு மடங்கு ஆகும். தலை இடிக்கும், சட்டியும் கரண்டியும் கூட என்னை எதிர்த்துப் பேசுவதாகத் தோன்றும். இரண்டாம் வாரத்தில்தான் ஏதோ ஒன்று அடங்கும். நெஞ்செரிச்சல் போய்விடும். புளித்த ஏப்பம் நின்றுவிடும். கோயில் படி ஏறும்போது முழங்கால் முனகாது. இராத்திரி படுத்தால் அடித்துப் போட்டதுபோல் தூங்குவேன். அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று நடக்கும். ஒரு கெட்ட வார்த்தை நாக்கு நுனிக்கு வந்து, வெளியே போகட்டுமா என்று என்னைக் கேட்டுவிட்டு நிற்கும். மற்ற மாதங்களில் அது கேட்பதே இல்லை.

அந்த ஒரு நொடிக்காகத்தான் நான் ஒருசந்தி பிடிக்கிறேன். ஆண்டவருக்காக என்றும் சொல்லலாம், இரண்டும் ஒன்றுதான் என்பது என் துணிபு. ஆகவே அதை என்னிடமிருந்து பறிக்க வந்தவர்களோடு நான் மல்லுக்கு நின்றதில் ஆச்சரியப்பட எதுவும் இல்லை.

பறிக்க வந்தது சீனி வருத்தம், அதாவது நீரிழிவு. வந்து சில வருஷம் ஆகிறது. காலையும் மாலையும் ஒவ்வொரு குளிசை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். மாலைக் குளிசையை ஒரு பழத்தோடு விழுங்குவேன். அதையும் மருந்துக் கணக்கில்தான் சேர்த்திருந்தேன். அதுவரை சாப்பாட்டுக்குப் பிறகு விரல் நுனியில் குத்திப் பார்த்ததுதான் சோதனை. இந்தத் தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் டொக்டர், காலையில் வெறும் வயிற்றில் இரத்தம் கொடுத்துவிட்டு வரச்சொல்லித் துண்டு எழுதினார். இரத்தம் எடுக்கும் இடத்தில் இருந்த சிங்களப் பெண்பிள்ளை துண்டைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"ஃபாஸ்டிங்தானே, அம்மா?"

"ஃபாஸ்டிங்தான் மகள். விபூதிப் புதன்லருந்து ஃபாஸ்டிங்" என்றேன் பெருமையாக. அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். ஊசியால் குத்தி இரத்தம் எடுத்தாள்.

டொக்டர் யாழ்ப்பாணத்துப் பெண், என்னைவிட வயதில் சின்னவர். முடிவைப் பார்த்ததும் அவருடைய முகம் சுருங்கிப்போனது.

"என்னம்மா இது? சீனி நல்லாக் கூடிப்போய்க் கிடக்கு. குளிசையைக் கூட்டி எழுதுறன். நேரத்துக்குச் சாப்பிட்டிட்டுத்தான் இதைப் போடவேணும். விரதம் ஒண்டும் இந்த முறை வேண்டாம்."

"ஒருசந்தியில ஒடம்பு நல்லாத்தானே இருக்கு டொக்டர்."

"உங்களுக்கு நல்லா இருக்கிற மாதிரித்தான் இருக்கும். இரத்தம் வேற கதை சொல்லுது. இப்பிடியே போனால் ஊசிதான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உடம்பு இறகு மாதிரி இருக்கிறது, காகிதம் மட்டும் நோயாளி என்கிறது! ஞாயிறு பூசைக்குப் பிறகு சாமியாரிடம் போய் முறையிட்டேன். அவராவது என் பக்கம் நிற்பார் என்று நினைத்தேன். "சுகமில்லாதவங்களுக்குக் கட்டாயம் இல்லம்மா. திருச்சபையே விலக்குக் குடுத்திருக்கு. சாப்பிடுங்க" என்றார் சிரித்துக்கொண்டே. விலக்காம்! சந்தைக்குப் போனால் மரக்கறிக்காரரும் எனக்கு விலக்குத் தந்திருப்பார் போலிருந்தது. சரி, குளிசையைக் கூட்டினால் கூட்டிக்கொள்கிறேன், ஒருசந்தியை விடமாட்டேன் என்று முடிவு செய்தேன். டொக்டருக்குக் குளிசை, ஆண்டவருக்குப் பட்டினி. கணவர் தலையில் கைவைத்துக்கொண்டார். அவர் எப்போதும் அப்படித்தான்.

சில நாட்களிலேயே விழுந்தேன். கணவர் ரோல்ஸுக்குக் கோவா, லீக்ஸ் என்று மரக்கறி வாங்கச் சந்தைக்குப் போயிருந்தார். சட்டியில் ரோல்ஸ் கிடந்தது. வேர்த்துக்கொட்டியது. அடுப்பு வேர்வை எனக்குத் தெரியும், அது சூடாக இருக்கும். இது பச்சைத் தண்ணீர் மாதிரிக் குளிர்ந்தது. கரண்டி சட்டி விளிம்பில் டக டகவென்று அடித்தது. அடிப்பது என் கைதான் என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பெரியவர் ஒருவர் ரெண்டு ரோல்ஸ் கேட்டார். ரெண்டு என்றால் எத்தனை என்று எனக்குத் தெரியவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். செத்துப்போகப் போகிறேன் என்று நினைத்தேன், நெஞ்சுக்குள் அவ்வளவு பயம்.

அந்தப் பெரியவர் போட்ட சத்தத்தில் ராத்தா ஓடிவந்தார். அடுப்பை அணைத்தார், என்னைக் கதிரையில் தள்ளினார், தன் கைப்பையிலிருந்து எதையோ எடுத்து என் வாய்க்குள் திணித்தார். பேரீச்சம்பழம். ஒன்று, பிறகு இன்னொன்று, கொட்டையைத் துப்பக்கூட விடாமல்.

"மெல்லுங்க! மெல்லுங்க எண்டு செல்றேன்!"

மென்றேன். கொஞ்ச நேரத்தில் உலகம் மெதுவாகத் தன் இடத்துக்குத் திரும்பி வந்தது. பஸ்களின் சத்தம் கேட்டது. ராத்தாவின் உதடுகள் காய்ந்து வெடித்திருப்பது தெரிந்தது. அவர் நோன்பு திறக்க வைத்திருந்த பழம் அது.

"எனக்கும் சீனி ஈக்கி, தெரியுமா?" என்று அவர் ஆரம்பித்தார். "நோம்புக்கு முந்தியே டொக்டர்ட்ட போய், குளிசய மாத்தி எழுதி எடுத்துக்கிட்டுத்தான் நான் புடிக்கிறன். ஏலாது, நோம்ப உடுங்க எண்டு டொக்டர் சென்னா உட்டுடுவேன், அதுக்கு மார்க்கத்துல எடம் ஈக்கி. நீங்க யார்ட்ட கேட்டீங்க?"

இரண்டு பேரிடம் கேட்டேன், இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். வாயில் மிச்சமிருந்த கொட்டையைத் துப்பினேன்.

அன்று பின்னேரமே ராத்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு டொக்டரிடம் போனார். டொக்டர் திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஆரம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"இரத்தம் குடுக்கப் போகேக்க வெறும் வயிறுதானே?"

"ஆமாங்க. ஒண்ணும் சாப்பிடல. சாயத்தண்ணி மட்டுந்தான்."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. "சாயத்தண்ணி எண்டா?"

"வெறும் தேத்தண்ணி. பால் இல்லாம."

"சீனி போட்டோ?"

"ஐயோ, சீனியா? நான் சீனியைத் தொடவே மாட்டேன் டொக்டர். கருப்பட்டி."

"எவ்வளவு?"

கட்டைவிரலைக் காட்டினேன். பிறகு நேர்மையாக இன்னொரு கட்டைவிரலையும் காட்டினேன். பக்கத்தில் இருந்த ராத்தா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். டொக்டருக்கும் சிரிப்பு வந்தது. எனக்கு மட்டும் வரவில்லை.

ஏனென்றால் நான் பொய் சொல்லவில்லை. கம்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள் நான். அம்மா விடியற்காலையில் உள்ளங்கையில் ஒரு துண்டுக் கருப்பட்டியை வைத்துக் கடித்துக்கொண்டு சாயத்தண்ணி குடித்துவிட்டுக் கொழுந்தெடுக்க மலைக்கு ஏறுவார். சாப்பிட்டாயா என்று கேட்டால் இல்லை என்பார். எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். சாயம், தண்ணி. அந்தச் சொல்லில் சாப்பாடு எங்கே இருக்கிறது? சாயத்தண்ணியைச் சாப்பாட்டில் சேர்த்திருந்தால் எங்கள் ஆட்கள் ஒரு நாளும் பட்டினி கிடக்கவில்லை என்று ஆகியிருக்கும். தோட்டத்துரைமாருக்கு அது வசதியாக இருந்திருக்கும். எங்களுக்கு அது உண்மை இல்லை. இவ்வளவையும் டொக்டரிடம் சொன்னேன், குரல் கொஞ்சம் ஏறித்தான் போயிற்று.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "ஓம் அம்மா, விளங்குது. ஆனால் உடம்புக்கு அது தெரியாதே" என்றார்.  

கூட்டின குளிசையை அன்றே நிறுத்தினார். இரண்டு நாள் விட்டு, பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துவிட்டுப் போய் மறுபடியும் இரத்தம் கொடுத்தேன். இந்தத் தடவை அந்தப் பெண்பிள்ளையிடம் நானே, "மகள், வாறவங்ககிட்ட தேத்தண்ணி குடிச்சீங்களான்னு தனியாக் கேளுங்க. நாங்கெல்லாம் அதைச் சொல்லமாட்டோம்" என்றேன். முடிவு வந்தது. டொக்டர் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். சீனி கூடியிருக்கவே இல்லை, இருக்கவேண்டிய அளவுக்கு நன்றாக இறங்கியிருந்தது. எடையும்தான். பழைய குளிசையையே கொஞ்சம் குறைக்கலாம் என்றார். நான் கதிரையில் எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்தேன் என்று ராத்தா இன்றைக்கும் நடித்துக்காட்டுவார்.

"அப்ப பிடிக்கலாந்தானே?"

"வெள்ளிக்கிழமை மட்டும். அண்டைக்குக் குளிசையைக் காலையில போடவேண்டாம், அந்த ஒரு வேளைச் சாப்பாட்டோட போடுங்கோ. கருப்பட்டி இல்லாத தேத்தண்ணி. கைப்பையில இனிப்பு ஏதாவது எப்பவும் இருக்கவேணும். கை நடுங்கினால், வேர்த்தால், உடனே வாயில போடவேணும். கடிகாரம் பார்க்கக்கூடாது."

"அப்ப ஒருசந்தி முறிஞ்சிருமே."

"முறியட்டும். நீங்கள் முறியாமல் இருந்தால் சரி."

மீதி வெள்ளிக்கிழமைகள் நன்றாகவே போயின. கருப்பட்டி இல்லாத சாயத்தண்ணியைக் குடிக்கும்போது முதல் தடவையாக எனக்கு உண்மையான பட்டினி எது என்று தெரிந்தது. அத்தனை வருஷமும் நான் விடாமல் வைத்திருந்தது அந்த இனிப்பைத்தான். வயிற்றைவிட வாய் அதிகமாக அழுதது. அழட்டும் என்று விட்டேன்.

பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்குக் கடை இல்லை. எங்கள் வழக்கப்படி, பின்னேரம் கோயில் முடிந்து வந்துதான் கஞ்சி. எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளி ஒருசந்திக்கு நான் பேர்போனவள். கோயில் மதிலுக்குப் பின்னால் ஒளிந்து பிஸ்கட் கடித்த பெண்களை நான் பார்த்த பார்வையில் அவர்களுக்கு விக்கல் எடுத்திருக்கிறது. அவர்களில் பாதிப் பேர் அன்று எனக்கு முன்வரிசையில் நின்றார்கள்.

அன்று வாசிக்கும் ஆண்டவருடைய பாடுகளின் வரலாறு நீளமானது, நின்றுகொண்டே கேட்கவேண்டும். பிலாத்து ஆண்டவரை வெளியே கொண்டுவந்து, இதோ மனிதன் என்று காட்டும் நேரத்தில் என் முதுகில் அந்தக் குளிர்ந்த வேர்வை இறங்கியது. இன்னும் கொஞ்ச நேரம்தான், கஞ்சிக்குப் போய்விடலாம், இத்தனை பேருக்கு முன்னாலா என்று நினைத்தேன். சிலுவையை மலைக்குக் கொண்டுபோகும்போது ஜெபப் புத்தகம் கையில் ஆடத் தொடங்கியது. ஆண்டவர் தலை சாய்த்து உயிர்விட்டார் என்று வாசித்ததும் கோயில் முழுக்க முழந்தாளிட்டது. அந்த இடத்தில் ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள். நானும் முழந்தாளிட்டேன். முன்னால் இருந்தவளின் சேலைப் பூ இரண்டாகத் தெரிந்தது.

கைப்பையைத் திறந்தேன். டொஃபியைச் சுற்றியிருந்த தாளைப் பிரித்தேன். கோயிலில் எழும்பிய ஒரே சத்தம் அதுதான், அதுவும் என்ன சத்தம்! முன்வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். எனக்கு உயிரோடு இருக்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். தலையைக் குனியாமல், அவர்கள் பார்க்கப் பார்க்கவே வாயில் போட்டு மென்றேன். ஆண்டவர் செத்துக் கிடந்த அந்த நேரத்தில் நான் பிழைத்துக்கொண்டிருந்தேன். அவர் செத்ததே அதற்காகத்தானே.