நூறு பிரைமர், ஒரு நிமிடம், ஒரு நாதன்

கடந்த செவ்வாய்க்கிழமை மாலை என் வேலை போய்விட்டது.

பதற வேண்டாம். கோப்பன்ஹேகனில் ஆஸ்பத்திரிக் களஞ்சிய வேலை அப்படியே இருக்கிறது. போனது சம்பளமில்லாத வேலை. அதனால்தான் இவ்வளவு கசக்கிறது.

கோப்பன்ஹேகனுக்குப் பக்கத்து ஊரான இஷொயில் ஒரு விளையாட்டு மண்டபத்தின் நிலக்கீழ் அறையில் எங்கள் துப்பாக்கிச் சங்கம் இயங்குகிறது. என் பெயர் நாதன்; பதினொரு வருடமாக அங்கத்தவன். "வெடிச்சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டே ஓடி வந்த மனுசன், இஞ்ச வந்து சந்தா கட்டி வெடிச்சத்தம் கேக்கிறார்" — வீட்டுக்கு வருகிறவர்களுக்கு என் மனைவி வதனி என்னை இப்படித்தான் அறிமுகப்படுத்துவாள்.

ஏன் சேர்ந்தேன்? இந்த நாட்டில் நட்புக்குக்கூட ஒரு சங்கம் வேண்டும். தலைவர், செயலாளர், வருடாந்தப் பொதுக்கூட்டம், கறுவாப்பட்டை போட்ட கேக். இவை இல்லாமல் பக்கத்து வீட்டுக்காரன் வணக்கத்துக்கு மேல் ஒரு சொல் பேசமாட்டான். பூப்பந்துக்கு முழங்கால் இடங்கொடுக்கவில்லை. மிஞ்சியது துவக்கு.

சுடுவதில் நான் சங்கத்திலேயே கடைசி. விசையில் விரல் வைத்ததும் கண் தானாக மூடிக்கொள்ளும். கண்ணுக்கு அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் எனக்கு வேறொரு கெட்டித்தனம் இருந்தது. எங்கள் சங்கத்தில் சுட்டு முடித்த வெற்றுத் தோட்டாக் கோதுகளை எறிவதில்லை. ஒவ்வொன்றிலும் புதிய பிரைமர், வெடிமருந்து, சன்னம் வைத்து மறுபடி ரவையாக்குவோம். பிரைமர் என்பது கோதின் அடியில் இருக்கும் பருப்பளவு உலோகக் கிண்ணம். துவக்கின் ஊசி அதில் அடித்தால்தான் பொறி பறக்கும். இந்தப் பிரைமர்களை ஒரு நீண்ட குழாய்க்குள் நூறு நூறாக அடுக்கி, நிரப்பும் பொறியில் மாட்ட வேண்டும். அடுக்குவது என் வேலை.

வரி வரியாகப் பள்ளம் வெட்டிய தட்டில் பிரைமர்களைக் கொட்டி மெல்ல ஆட்டுவேன். எல்லாம் ஒரே பக்கம் பார்க்கும். பிறகு குழாயின் நுனியை ஒவ்வொன்றின் மேலும் வைத்து அமுக்க வேண்டும். டொக். டொக். டொக். கோழி கொத்துவது போல, குழாய் ஒன்றுக்கு நூறு கொத்து.

அந்த மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். அங்கேதான் என் டென்மார்க் இருந்தது.

குனிந்து கொத்திக்கொண்டிருப்பவனிடம் இந்த ஊர்க்காரர்கள் எதையும் சொல்வார்கள். முகத்தைப் பார்த்தால் சொல்லமாட்டார்கள். தலைவர் ஹென்னிங் தன் மனைவி தன்னை விட்டுப் போய்விட்டதை இரண்டாம் குழாயில் சொன்னார். பிர்த்தா என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை, மார்பில் கட்டி என்று டாக்டர் சொன்னதைத் தன் பிள்ளைகளுக்குச் சொல்லுமுன் எனக்குச் சொன்னார். நான் "ம்" என்றேன். டொக் என்றேன். வேறென்ன சொல்ல? அவருக்கு அது போதுமாக இருந்தது.

பதினொரு வருடத்தில் ஒரு தவறு விட்டேன். ஒரே ஒரு பிரைமர் தலைகீழாகப் போய்விட்டது. அது போய்ச் சேர்ந்ததும் எங்கே? போட்டியில் பிர்த்தா சுட்ட கடைசி ரவைக்குள். துவக்கு வெடிக்கவில்லை. 'க்ளிக்' என்றது. பதக்கம் போயிற்று. பிர்த்தா கோபிக்கவில்லை. திரும்பிப் பார்த்து, "இது ஒரு நாதன்!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அன்றிலிருந்து எவர் துவக்கு வெடிக்காமல் போனாலும் 'ஒரு நாதன்'தான். கடையில் வாங்கிய ரவையாக இருந்தாலும்.

அப்போது எனக்குப் பெருமை! வீட்டுக்கு ஓடிவந்து வதனியிடம் சொன்னேன்: "என்ர பேரை ஒரு சாமானுக்கு வச்சிட்டாங்கள்."

"என்ன சாமானுக்கு?"

சொன்னேன். அவள் வெங்காயம் வெட்டுவதை நிறுத்தவில்லை. "இருபது வருசம் இருந்து ஆள் வாங்கின பட்டம்!"

சரி, கடந்த செவ்வாய்க்கு வருவோம். ஹென்னிங் ஒரு பெட்டியைத் திறந்தார். உள்ளே தன்னியக்கப் பிரைமர் நிரப்பி. மேலே ஒரு வட்டக் கிண்ணம், கீழே குழாய் மாட்டும் துளை. சுவிட்சைப் போட்டார். கிண்ணம் நடுங்கியது. பிரைமர்கள் கோயில் வரிசை போல ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து குழாய்க்குள் விழுந்தன. ஹென்னிங் கைபேசியில் நேரம் பார்த்தார். நூறு பிரைமருக்கு ஒரு நிமிடம்!

கைதட்டினார்கள். நானும் தட்டினேன். தூக்குமேடை கட்டி முடிந்ததற்குக் குற்றவாளியே கைதட்டினால் எப்படி இருக்கும்? அப்படி.

ஹென்னிங் டெனிஷில் பேசினாலும் என் காதில் யாழ்ப்பாணத் தமிழில்தான் விழும். அப்படியே தருகிறேன்: "நாதன், உமக்கு விடுதலை! நீர் இனிப் பேசாமல் இருந்து கோப்பி குடியும்."

எங்கே உட்காருவது? நாற்காலியைக் காணவில்லை. இயந்திரத்தின் வயர் போக இடமில்லை என்று கோப்பி அறைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிர்த்தா வந்தார். மேசையைப் பார்த்தார். நடுங்கும் கிண்ணத்திடம் யார் மனம்விட்டுப் பேசுவது? "நோ..." என்று இழுத்துவிட்டுப் போய்விட்டார். ஆங்கில 'நோ' அல்ல; 'அப்படியோ' என்பதற்கான டெனிஷ் சொல். மனதில் உள்ள அத்தனையையும் அந்த ஒரு சொல்லில் மூடிவைக்க டெனிஷ்காரரால் முடியும்.

இயந்திரம் அடுக்கிய குழாய்களை மாட்டி ரவை நிரப்பினார்கள். பிறகு சுடத் தொடங்கினார்கள்.

மூன்றாவது ரவையில் ஹென்னிங்கின் துவக்கு — க்ளிக்.

"ஒரு நாதன்!" வரிசை முழுவதும் ஒரே குரல். சிரிப்பு.

ஏழாவதில் மறுபடி க்ளிக். "இரண்டு நாதன்!" பக்கத்து வரிசையில் இன்னொன்று. மூன்று நாதன். பதினொரு வருடத்தில் நான் செய்ததை அந்த இயந்திரம் ஒரு மாலையில் மூன்று மடங்காகச் செய்துவிட்டது. ஹென்னிங் ஒரு ரவையைப் பிரித்துப் பார்த்தார். பிரைமர் தலைகீழ்.

எனக்குத் தாங்கவில்லை. "ஹென்னிங், இது நான் அடுக்கினதில்லை."

"ஓம், தெரியும். மெசின் புதுசெல்லோ? செட் ஆக வேணும். நாலு கிழமை குடும்."

நாலு வாரம்! எனக்கு யாராவது நாலு நிமிடம் தந்தார்களா?

"அப்ப இதுக்கு வேற பேர் வையுங்கோ. மெசின்ர பேரை."

ஹென்னிங் உண்மையாகவே யோசித்தார். நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. மனதில் வஞ்சம் இருந்திருந்தால் நானும் சண்டை பிடித்திருப்பேன். கடைசியில் என் தோளில் தட்டினார். "நாதனெண்டே இருக்கட்டும். எல்லாருக்கும் பழகிப்போச்சு."

அன்று வழக்கத்தைவிட முன்னதாகவே வீட்டுக்கு வந்துவிட்டேன். வதனி மணிக்கூட்டைப் பார்த்தாள்.

"என்னப்பா, வேளைக்கே வந்திட்டியள்?"

நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். "அப்ப அந்தப் பிர்த்தா மனுசி இனி ஆரோட கதைக்கும்?" என்றாள்.

குனிந்துகொண்டேன். கையில் குழாய்தான் இல்லை.

இந்த நாட்டில் என் பெயரில் நிரந்தரமாக ஏதாவது ஒன்று இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை இருந்தது. கிடைத்துவிட்டது — க்ளிக்.