காது கருவி ஒயர் தேடிப் படப்பை வரை

இவ்வளவு நேரங்கழித்து உட்கார்ந்து எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். காவ்யா தூங்கிய பிறகுதான் கை ஓய்கிறது; என் வீட்டுக்காரருக்கு இந்த வாரம் இரவு ஷிப்ட். கையெழுத்து கோணலாக இருந்தால், இதழ் நடத்தும் நம் டீச்சர் பார்த்து, நகலெடுக்க ஸ்டென்சில் வெட்டிக்கொள்ளட்டும். "யார் எங்கே அலைந்தாலும் வழியை எழுதுங்கள், அடுத்தவருக்கு அலைச்சல் குறையும்" என்று நம் பெற்றோர் சுற்றிதழில் போட்டிருந்தீர்களே, அதனால் எழுதுகிறேன். வேறொரு காரணமும் உண்டு. கடைசியில் சொல்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: காவ்யாவுக்கு நாலு வயது, பிறவியிலேயே காது மந்தம். நெஞ்சில் தொங்கும் பெட்டி, அதிலிருந்து காதுக்குப் போகும் ஒயர், இதுதான் அவள் கருவி. உங்கள் பிள்ளைகளில் பலர் போட்டிருக்கும் சாதாரணப் பெட்டி அல்ல, வெளிநாட்டுக் கம்பெனிப் பெட்டி. டெஸ்ட் அறையில் சாதாரணப் பெட்டியைப் போட்டபோது மணியோசைக்குத் திரும்பினாள். இதைப் போட்டபோது, முதுகுக்குப் பின்னால் நான் மெல்லக் கூப்பிட்டதற்கே திரும்பினாள். அதற்குமேல் எந்தத் தாய் யோசிப்பாள்?

போன செவ்வாய்க்கிழமை அந்த ஒயர் அறுந்தது. வரும் வெள்ளிக்கிழமை எல்.கே.ஜி. நேர்காணல். காது கேட்கும் பிள்ளைகள் படிக்கிற சாதாரணப் பள்ளி. கேள்விக்குப் பதில் சொன்னால் சேர்த்துக்கொள்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். ஒயர் அறுந்த இரண்டாம் நாளே காவ்யாவின் 'தண்ணி'யில் தகரம் போய்விட்டது. மறுநாள் வார்த்தையே இல்லை, சொம்பைக் கைகாட்டினாள். ஒரு வருடமாக ஒவ்வொன்றாகச் சேர்த்த சொற்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவளைத் தூக்கிக்கொண்டு சேலையூரிலிருந்து கிளம்பினேன். தாம்பரத்தில் மின்சார ரயில் பிடித்தால் குரோம்பேட்டை இரண்டாவது நிறுத்தம். பெட்டியை விற்ற டீலர் அங்கேதான். கடையின் பெயர்ப் பலகையில் கம்பெனி பெயர் இருந்த இடத்தில் வெள்ளைப் பெயின்ட்.

"அந்த லைனையே விட்டுட்டேன் மேடம்" என்றார் டீலர். "மாசத்துக்கு ஒரு பீஸ் போகல. ஸ்டாக் வெச்சுட்டு நான் என்ன பண்றது?"

"ஒயர் மட்டும் போதும் சார். வேற ஒயரை மாட்ட முடியாதா?"

"சாதாரணப் பெட்டிக்காரன், ஒயர் சொருகுற பின்னோட அளவை யார் கேட்டாலும் குடுத்தான். இன்னிக்கு பத்து பேர் அந்த ஒயர் பண்றான், ரேடியோ கடையிலகூட தொங்குது. உங்க கம்பெனி எவனையும் கிட்ட விடல. அந்தப் பின்னும் அவங்களுது, பேட்டரி செல்லும் அவங்களுது. ஒட்டுப் போட்டுப் பாக்கலாம், ஆனா திடீர்னு காதுல வெடி மாதிரி சத்தம் வந்தா நான் பொறுப்பில்ல."

ஒட்டுப் போடச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து டீச்சருக்குப் போன் செய்தேன். படப்பையில் ஸ்டெல்லா அக்கா வீட்டில் இதே கம்பெனிப் பெட்டி பழையது இருக்கலாம், அவர் பையன் வேறு பெட்டிக்கு மாறிவிட்டான் என்றார்.

படப்பைக்குத் தாம்பரம் மேற்கிலிருந்து பஸ். முடிச்சூர், மண்ணிவாக்கம் வழியாகச் சுமார் பதினைந்து கிலோமீட்டர், முக்கால் மணி நேரம். குழந்தையோடு போகிறவர்கள் பஸ் கிளம்புமிடத்திலேயே ஏறிவிடுங்கள். முடிச்சூரில் ஏறினால் உட்கார இடமில்லை. தன் குரல் தனக்கே கேட்காததால் காவ்யா வழியெல்லாம் கத்திக்கொண்டே வந்தாள்.

"இன்னாம்மா, கொயந்த இப்டி கத்துது? பசியா?" என்றார் கண்டக்டர்.

"காது கேக்காதுங்க."

"அப்ப நம்ம டிரைவர் ஜாதி. நான் வுடற விசில் ஒண்ணுகூட அவருக்குக் கேட்டதில்ல."

"நீ மொதல்ல விசிலை வாயில வெச்சு ஊது நைனா" என்று முன்னாலிருந்து பதில் வந்தது. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

படப்பை மார்க்கெட்டில் சில்லறை எடுக்க ஒரு நிமிடம் அவள் கையை விட்டேன். லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது. இவள் ரோட்டில் நின்று பலூனைப் பார்த்துச் சிரிக்கிறாள். பூ விற்கும் பெண் ஒருத்தி ஓடிப்போய் இழுத்தாள். "இன்னா பொம்பளம்மா நீ! அவன் அடிச்சிகினே வரான், கொயந்த நிக்குது, நீ பர்ஸைப் பாத்துகினு கீற!" என்று திட்டினாள். திட்டட்டும்.

ஸ்டெல்லா அக்கா வீடு மார்க்கெட்டிலிருந்து பத்து நிமிட நடை, சர்ச்சுக்குப் பின் தெரு. அவர் பையன் ரூபன் வாசலிலேயே, "ஆன்ட்டி, பாப்பா பேர் என்னா?" என்று கேட்டான். அவன் நெஞ்சில் சாதாரணப் பெட்டி.

"பழக ரெண்டு மாசம் ஆச்சும்மா. மொதல்ல கழட்டிக் கழட்டி வீசினான்" என்றார் ஸ்டெல்லா அக்கா.

"சத்தம் நல்லா இருக்காக்கா?"

"பழசு அளவுக்கு இல்ல. பொய் சொல்லக் கூடாது. ஆனா வருஷம் பூரா கேக்குது பாரு."

பழைய பெட்டியை எடுத்து வந்தார். அதில் ஒரே ஒரு ஒயர்.

"இதைக் குன்றத்தூர் அம்மா ஒருத்தங்களுக்குத் தரேன்னு சொல்லிட்டேன். போன வாரம் வந்தாங்க, அன்னிக்குப் பெட்டி என் தங்கச்சி வீட்ல இருந்துச்சு. அவங்க பையன் ஒயர் டேப் சுத்தி ஓடிட்டிருக்காம். எப்ப வேணா வருவாங்க." காவ்யாவைப் பார்த்தார். "பொருந்துதான்னு மட்டும் பாத்துடலாமா?"

காவ்யாவின் பெட்டியில் ஒயரை மாட்டினார். உள்ளே குக்கர் விசில் அடித்தது. காவ்யா திரும்பினாள். என் முகத்தைப் பார்த்து, "ம்மா, சோறு" என்றாள்.

"இப்ப கழட்டவா? நீயே சொல்லு" என்றார் ஸ்டெல்லா அக்கா.

நான் காவ்யாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன்.

"சரி, எடுத்துட்டுப் போ. ஆனா அந்த அம்மாவுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

இதேபோலப் போகிறவர்களுக்கு: மாலை நான்கு மணிக்குள் திரும்பிவிடுங்கள், அதற்குமேல் பஸ்ஸில் கால் வைக்க முடியாது. புதிதாகக் கருவி வாங்குகிறவர்கள், டெஸ்ட் அறையில் கேட்பதை மட்டும் நம்பாதீர்கள். உங்கள் தெரு ரேடியோ கடையில் அந்த ஒயர் கிடைக்குமா என்றும் கேளுங்கள். எங்கள் கம்பெனிப் பெட்டியை ஒவ்வொருவராக விடுகிறோம், அதனால் ஒயர் வருவதில்லை. ஒயர் வராததால் இன்னொருவர் விடுகிறார். நேர்காணல் முடிந்ததும் நாங்களும் மாறத்தான் போகிறோம். புதுப் பெட்டி பழகும் அந்த இரண்டு மாதத்தில் எத்தனை சொற்கள் போகுமோ என்று பயமாக இருக்கிறது.

இனி இது குன்றத்தூர் அம்மாவுக்கு. உங்கள் பெயர் எனக்குத் தெரியாது. குன்றத்தூருக்கு நம் இதழ் கட்டாக ஒரு மருந்துக் கடைக்குத்தான் போகிறது, விலாசம் டீச்சரிடமும் இல்லை. உங்களுக்கென்று வைத்திருந்த ஒயர் என் மகள் காதில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் நேர்காணல் முடிந்ததும் கழற்றி, நானே பஸ் ஏறி வந்து உங்கள் கையில் தருகிறேன். அதற்குள் உங்கள் பையனின் ஒயர் அறுந்துவிட்டால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அப்போது என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை, ஆனாலும் எழுதுங்கள். உங்கள் விலாசத்தோடு டீச்சர் முகவரிக்கு ஒரு கார்டு போதும். தயவுசெய்து சீக்கிரம் பதில் போடுங்கள்.