மொக்கம்மாளின் ரத்தமும் ராமுத்தாயின் வயதும்

காமயகவுண்டன்பட்டி மொக்கம்மாளின் இதயம் நன்றாகத்தான் இருந்தது. திராட்சைப் பந்தலுக்குக் கீழே நாள் முழுக்கக் கையைத் தூக்கிக் கொத்து வெட்டுவார். மூச்சு வாங்கி யாரும் பார்த்ததில்லை. அவருக்கு நெஞ்சு நோய் என்று பேர் வாங்கிக் கொடுத்தது எங்கள் ஆராய்ச்சிதான்.

2007, ஆடி மாதம். சென்னையிலிருந்து பேராசிரியர்கள் வந்தார்கள். ஐம்பது தாண்டிய பெண்களின் மரபணுக்களில் உள்ள சில மாற்றங்களுக்கும் மாரடைப்புக்கும் தொடர்பு உண்டா என்று பார்ப்பது திட்டம். ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்வது என் வேலை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான், விலங்கியல் எம்.எஸ்ஸி. ஊர் கூடும் மந்தையில் மைக் பிடித்து, "பரம்பரையா வர்ற கோளாறு ரத்தத்துல இருக்கான்னு பாக்குறோம்" என்றேன். அவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்க வேண்டாம்.

மொக்கம்மாள்தான் முதலில் கை நீட்டினார். கூட வந்த தம்பி மனைவி ராமுத்தாயிடம் வயது கேட்டேன். "நாப்பத்தெட்டு" என்று ஒதுங்கிக்கொண்டார். சில வருடங்களாகவே அவருக்கு அதே வயதுதான்.

மொக்கம்மாளுக்கு ஒரே ஆசை. கடைக்குட்டி யுவராணியைத் தம்பி குருசாமியின் மகன் வேல்பாண்டிக்குக் கொடுக்க வேண்டும். யுவராணி வயதுக்கு வந்தபோது குச்சு கட்டிய தாய்மாமன் குருசாமி. அன்றே பேசி முடித்ததுதான். ஆனால் வேல்பாண்டி கம்பத்தில் போட்ட செல்போன் கடை ஓடத் தொடங்கியதும், ராமுத்தாயின் கண் தேனியில் ஒரு பெண் மேல் விழுந்தது. மறுக்கத்தான் காரணம் கிடைக்கவில்லை. நாங்கள் கொடுத்தோம்.

"தப்பா நெனைக்காதீக மதினி. ஒங்க ரத்தத்த மெட்ராசு வரைக்கும் கொண்டுபோயிருக்காக. நாளைக்கு எம் பேரன் பேத்திக்குல்ல வரும்? ரிசல்ட்டு வரட்டும், பேசுவோம்" என்றார் ராமுத்தாய்.

மொக்கம்மாள் நேரே என்னிடம் வந்தார்.

"ரிசல்ட்டு எப்பப்பா வரும்?"

"தனித்தனியா யாருக்கும் தரமாட்டாக பெரியம்மா. எல்லாத்தையும் சேத்துப் பாத்துக் கட்டுரை எழுதுவாக. வருசக்கணக்கா ஆகும்."

"அதுவரைக்கும் எம் மக ஒங்க கட்டுரைக்குக் காவலா ஒக்காந்திருக்கணுமாக்கும்?"

படித்த படிப்புக்கு ஏதாவது செய்ய வேண்டுமே. "பெரியம்மா, ஒங்க அப்பா அம்மா கிட்டருந்து ஒங்களுக்கு வந்தது ஒங்க தம்பிக்கும் வந்திருக்கலாம்ல?" என்றேன்.

அவர் நேரே டீக்கடைக்குப் போய், அத்தனை பேருக்கு முன்னால் தம்பி தோளைப் பிடித்துக்கொண்டார்.

"ஏப்பா குருசாமி, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா? எனக்கு இருந்தா ஒனக்கும் இருக்குமாம்ல. ஒம் பொண்டாட்டி ஒங்கிட்டச் சொல்லலையா?"

சாயங்காலமே குருசாமிக்கு நெஞ்சு வலித்தது. கம்பத்தில் ஈ.சி.ஜி. எடுத்தார்கள், ஒன்றுமில்லை. குருசாமி நம்பவில்லை. அக்கா ரத்தம் அல்லவா மெட்ராசில் இருக்கிறது. பீடியை விட்டார், தோட்ட வேலையை விட்டார், உப்பில்லாக் கஞ்சி கேட்டுக் கட்டிலில் படுத்தார். சேதி தேனிக்கு எட்டியது. நெஞ்சு நோய்க்காரர் வீட்டில் எப்படிச் சம்பந்தம் வைப்பது என்று பெண் வீட்டார் ஒதுங்கிவிட்டார்கள். இத்தனைக்கும் வேல்பாண்டி வாய் திறக்கவில்லை. யுவராணியின் செல்லுக்கு மட்டும் தவறாமல் ரீசார்ஜ் போய்க்கொண்டிருந்தது.

ராமுத்தாய் தேங்காய், பூவோடு வந்து நின்றார்.

"ரிசல்ட்டு வரலையே தாயி" என்றார் மொக்கம்மாள்.

"அது கெடக்கு மதினி. நம்மெல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு."

"எம் பக்கம் மட்டும் சோதிச்சா எப்பிடி? அது எனக்கும் பேரன் பேத்திதான? தையில மறுபடி வாராகளாம். நீயும் குடு. அங்கனயே பூ வச்சிருவோம்."

தை மாதம், பஞ்சாயத்து ஆபீஸ். ஊர்ப் பெண்கள் பாதிப்பேர் வரிசையில் நின்றார்கள். மீதிப்பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். ராமுத்தாய் என் முன்னால் உட்கார்ந்தார்.

"வயசு?"

"ஒனக்குத் தெரியாதாப்பா?"

"நாப்பத்தெட்டுன்னா எடுக்க முடியாது அத்தை."

பின்னால் பூத்தட்டோடு நின்ற மொக்கம்மாள் மெதுவாகச் சொன்னார்: "சொல்லு தாயி. நல்ல நேரம் போயிரும்."

ராமுத்தாய் மேசையைப் பார்த்துக்கொண்டு, "அம்பத்தஞ்சு" என்றார்.

"சத்தமாச் சொல்லச் சொல்லுங்கப்பா" என்றது வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல். "இங்கன கேக்கல."

அவர் இன்னொரு தடவை சொன்னார்.