ஏழு தரம் கழுவ நினைத்த கை

வெள்ளைக்காரர் ஆண்ட காலம். எனக்குக் கலியாணம் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மன்னாருக்குத் தெற்கே மறிச்சுக்கட்டிக் கரையிலிருந்து நானும் என் மனைவியின் அண்ணனும் ஒரே வள்ளத்தில் மீன்பிடிக்கப் போய்வந்தோம். மச்சான் என் வயதுக்காரன், வாய் நீளம். எனக்கோ மூக்கு நுனியில் கோபம். எப்படியோ ஒத்துப்போனோம்.

அன்று விடியற்காலைச் சுபஹு தொழுதுவிட்டுப் போய் வலையை இழுத்தால், அசையவே மாட்டேன் என்றது. "பெரிய சுறா மச்சான்!" என்று துள்ளினேன். குனிந்து பார்த்தால் ஓர் ஓங்கில் குட்டி! இப்போது டொல்பின் என்கிறார்களே, அதுதான். வாலில் வலை இறுகச் சுற்றி, தண்ணீருக்கு ஒரு முழம் கீழே துடித்துக்கொண்டிருந்தது. ஓங்கில் மேலே வந்துதான் மூச்சுவிடும். வலை அதை விடவில்லை.

மச்சானின் கையில் திருக்கை முள் குத்திச் சீலை சுற்றியிருந்தது. நான்தான் இறங்க வேண்டும். மாட்டேன் என்றுவிட்டேன். காரணத்தைச் சொல்ல இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. அக்கரை இந்தியாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் அதைக் 'கடற்பன்றி' என்று சொல்லக் கேட்டிருந்தேன். பன்றி பட்டால் எங்கள் மார்க்கப்படி ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கலந்து. அந்தப் பெயரைக் கேட்ட நாளிலிருந்து ஓங்கிலைக் கண்டாலே வள்ளத்தைத் திருப்பிவிடுவேன்.

"கடற்குதிரை எண்டும் ஒண்டு இருக்கே, அதில ஏறி மன்னாருக்குப் போவியோ? இறங்கன்ரா!" என்று மச்சான் கத்தினான்.

நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு பெரிய ஓங்கில்கள் குட்டியின் அடியில் புகுந்து, இரு பக்கமும் முட்டுக்கொடுத்து மேலே தூக்கின. 'புஸ்' என்று குட்டி ஒரு மூச்சு விட்டது. வலை திரும்ப இழுத்தது. அந்த இரண்டும் களைத்து விலக, வேறு இரண்டு வந்து தூக்கின. மற்றவை சுற்றிச் சுற்றி வந்தன. ஒன்றாவது ஓடிப்போக வேண்டுமே! அவை கீச்சிட்டது வள்ளத்துப் பலகை வழியாகக் காலில் அதிர்ந்தது. எது தாய், எது பெரியம்மா என்று எனக்கு விளங்கவில்லை. எல்லாம் தாய் மாதிரித்தான் நின்றன.

ஆனால், ஒவ்வொரு தரமும் குட்டி விட்ட மூச்சு சிறிதாகிக்கொண்டே வந்தது.

"பிஸ்மில்லாஹ்" என்று கத்தியோடு குதித்தேன். பெரிய ஒன்று நேரே என்னை நோக்கி வந்தது. சரி, என் கதை முடிந்தது என்று கண்ணை மூடினேன். அது மூக்கால் என் விலாவை மெல்லத் தொட்டுவிட்டு வழிவிட்டது. ஒரு கையால் குட்டியை அணைத்துக்கொண்டு மற்றக் கையால் வலையை அறுத்தேன். மீனைப்போல் குளிரவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையைப்போலச் சுட்டது. அதன் நெஞ்சு படபடவென்று என் உள்ளங்கையில் அடித்தது. அழுதுவிட்டேன், மறைப்பானேன்?

வால் விடுபட்டதும் இரண்டு பெரியவை குட்டியை நடுவில் வைத்துக் கூட்டிக்கொண்டு போயின. மற்றவை பின்னால் போயின.

கரைக்கு வந்ததும் மச்சான் ஒரு பிடி மண்ணை அள்ளி நீட்டினான். "இந்தா, ஏழு தரம் கழுவு!"

அந்த மண்ணை அவன் தலையிலேயே கொட்டினேன். இருவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

இன்றும் யாரையாவது பெயரைக் கேட்டே வெறுக்கத் தோன்றினால் என் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வேன். ஏழு தரம் கழுவ நினைத்த அந்தக் கையை, அன்று ஒரு தரம் கழுவவும் எனக்கு மனம் வரவில்லை.