லோரி நம்பரும் என் கம்ப்யூட்டரும்

போன சனிக்கிழமை மத்தியானம். கிள்ளானில் எங்கள் பக்கத்து வீட்டு சரசு அக்கா, கழுத்துச் சங்கிலியைக் கையால் பிடித்தபடியே உள்ளே வந்தார்.

"தம்பி, உங்கண்ணன் இதை அடகு வைக்கணுங்கிறாரு."

எதற்கு? நாலு இலக்க லாட்டரியில் நம்பர் எடுக்கத்தான்! ரவாங் ரோட்டில் ஒரு லோரி குடைசாய்ந்து கிடந்ததை அக்காவின் கணவர் கோபால் அண்ணன் பார்த்திருக்கிறார். அதன் நம்பர் பிளேட் மனசில் ஒட்டிக்கொண்டது. ஞாயிறு குலுக்கலில் அது விழும் என்று சத்தியம் செய்யாத குறை.

"நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே... அந்தப் பெட்டியில போட்டு, அது லேசுல விழாதுன்னு அவருக்குக் காட்டு லா."

பிரிக்பீல்ட்ஸில் மாலை வகுப்புக்குப் போகிறேன். டிவியோடு இணைக்கிற சின்ன கம்ப்யூட்டர் ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன். உட்கார்ந்து டைப் செய்தேன். பரிசு எண்களைப் போட்டு வைக்க ஓர் 'அரே' — வரிசையாக அடுக்கிய டப்பாக்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு டப்பாவிலும் கம்ப்யூட்டர் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நம்பரைப் போடும். அண்ணனின் நம்பர் எதிலாவது இருந்தால் 'பீப்'. இல்லையென்றால் அடுத்த வாரக் குலுக்கல். அவ்வளவுதான்!

அண்ணனும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார்.

திரையில் வருஷங்கள் ஓடின. ஒன்று... மூன்று... ஏழு... சத்தமே இல்லை. பத்து தாண்டியதும் அண்ணன் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். அக்கா முகத்தில் லேசாகத் தெம்பு. நானும் என் கெட்டிக்காரத்தனத்தை மனசுக்குள் மெச்சிக்கொண்டேன்.

பத்தொன்பதாவது வருஷம் — பீப்!

"விழுந்துருச்சு!" அண்ணன் துள்ளி எழுந்தார். "பார்த்தியா சரசு? மெஷினே சொல்லுது!"

"ஆறுதல் பரிசுதான் அண்ணே. அதுவும் பத்தொன்பது வருஷம் கழிச்சு..."

"விழுந்துச்சா, இல்லையா?"

விழுந்தது என்னவோ உண்மை. நம்புவது என்று முடிவெடுத்துவிட்டவருக்கு எந்தக் கணக்கும் சாதகமாகத்தான் வருகிறது. சங்கிலி போனதுதான் என்று நினைத்தேன்.

அக்கா நிதானமாகச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார். "சரிங்க. பத்தொன்பது வருஷம் கழிச்சுக் கேளுங்க, தரேன்."

அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. பையிலிருந்த சில்லறைக்கு மட்டும் நம்பர் எடுத்துவிட்டு வந்தார்.

ஞாயிறு ரிசல்ட்டில் லோரி நம்பர் எங்கேயும் இல்லை. ஆறுதலாக ஏதாவது சொல்லலாமென்று வேலியோரம் போனேன். அண்ணன் முகத்தில் வருத்தத்தின் சாயல்கூட இல்லை.

"என்ன தம்பி... இப்பதானே முதல் வாரம்!"