ஜப்பான்காரிக்குப் பொட்டு வைத்தேன்

எனக்கு வயது எழுபத்து மூன்று. பெற்றது ஐந்து. அக்கா பிள்ளைகள் மூன்றையும் சேர்த்து வளர்த்தது எட்டு. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருஷம். எழுத்துக் கூட்டி ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு வாரம் பிடிக்கிறது. இந்தப் பத்தி பத்திரிகையில் வாரா வாரம் வருவதன் ரகசியம் அவ்வளவுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை என் பேத்தி மலரைப் பெண் பார்க்க, ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்தார்கள். மலர் நாலு வருஷமாகக் குரும்பலூரிலிருந்து பெரம்பலூருக்கு பஸ் ஏறிப் போய் வீணை கற்றவள். இப்போது இசைக் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. காலேஜ் திறப்பதற்குள் கல்யாணத்தை முடித்துவிட வேண்டும் என்பது அவள் அப்பன் செல்வத்தின் திட்டம். என் மூத்த மகன்தான். பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.

எங்கள் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. கம்பெனி ட்ரெயினிங்குக்கு ஜப்பான் போனபோது செல்வம் வாங்கி வந்தது. மரப்பலகையில் செதுக்கி, ஒவ்வொரு கலருக்கும் ஒரு பலகை வைத்து, மை தடவி அழுத்தி எடுப்பார்களாம். ஒருத்தி கால் மடக்கி உட்கார்ந்து, நீளக் கழுத்துள்ள மூன்று தந்தி வாத்தியத்தை வாசிக்கிறாள். கொண்டையில் நாலைந்து குச்சி. அந்தக் கொண்டையோடு எப்படித்தான் தூங்குவாளோ...

போன ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் கரண்ட் மோட்டாருக்கும் சந்தனம் குங்குமம் வைத்தேன். வாத்தியம் வைத்திருக்கிறவளை மட்டும் விடுவானேன்? கண்ணாடி மேல் அவளுக்கும் ஒன்று வைத்தேன். செல்வம் தலையில் அடித்துக்கொண்டான். அது சாமி இல்லையாம். கச்சேரி பண்ணிப் பிழைத்த பொம்பளையாம். இருக்கட்டுமே, அதுவும் வேலைதானே? அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் பொட்டு, ஒரு முழம் பூ.

மாப்பிள்ளையின் அம்மா உள்ளே நுழைந்ததும் நேரே அந்தப் படத்திடம் போனார். தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். வடநாட்டு சரஸ்வதியா என்று கேட்டார். நான் காபியைப் பார்க்க உள்ளே போய்விட்டேன். வந்த விருந்தாளியைக் கும்பிடாதே என்று தடுப்பது மரியாதையா?

காபி குடிக்கும்போது மலர் காலேஜ் விஷயத்தை மெல்லச் சொன்னாள். அந்த அம்மாள் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதெல்லாம் எதுக்கும்மா? எங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் நாலு பேரு முன்னாடி ஒக்காந்து வாசிச்சதில்ல."

"நீங்க கும்புட்டீங்களே, அவ பொழப்பே அதாங்க," என்றேன். விவரமும் சொன்னேன். நிதானமாக, ஒன்று விடாமல்.

படத்தைத் தொட்ட விரலை அந்த அம்மாள் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். நல்லவேளை, கண்ணைத் துடைக்கவில்லை.

மலர் மாப்பிள்ளைப் பையனைப் பார்த்து, "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். பையன் எம்.ஏ. படித்தவன். சொந்தமாக ஒரு பதில் வைத்திருப்பான் என்று நானும் கொஞ்சம் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தேன்.

"அம்மா சொன்னா சரிங்க."

"அப்ப எனக்குச் சரிப்படாதுங்க," என்றாள் மலர். காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் ஃபோன் வந்தது — ஜாதகம் பொருந்தவில்லையாம். மூன்று ஜோசியர் பார்த்துப் பொருத்திய ஜாதகம். கல்லங்குறிச்சிப் பெருமாள் காலடியில் வைத்து எடுத்த ஜாதகம். ஜப்பான்காரி ஒருத்தி கிரகங்களையே நகர்த்திவிட்டாள் பாருங்கள்.

எனக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. வாத்தியத்தோடு ஒருத்தி ஃபிரேமுக்குள் இருந்தால் பூப் போடுகிறோம். அதே வாத்தியத்தோடு உயிரோடு கூடத்தில் உட்கார்ந்தால்... எழுந்து உள்ளே போ என்கிறோம். மூச்சு விடுவதுதான் குற்றமா?

செல்வம் மூன்று நாளாக என்னோடு பேசுவதில்லை. காலேஜ் ஃபாரத்தையும் தொடவில்லை. அப்பன் கையெழுத்துப் போடாவிட்டால் கார்டியன் போட்டாலும் செல்லுமாம். நேற்று நான் போட்டுவிட்டேன். அவனிடம் இன்னும் சொல்லவில்லை.

மலரு, இங்க வா. எழுதுனத ஒரு தடவ படிச்சுக் காட்டு. சத்தமாவே படி... ஒங்கப்பன் பக்கத்து ரூம்லதான் இருக்கான்.